கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்கு

கேள்வி:

அன்புள்ள ரீச்சர், போன வருடம் பாஸ்கா இரவில், உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய இரவில், நானும் என் இரண்டு பிள்ளைகளும் ஞானஸ்நானம் பெற்றோம். எனக்கு 34 வயது. மகளுக்கு 9, மகனுக்கு 4. என் கணவர் சைவம். நான் கோயிலுக்குப் போவதை இவர் மறிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பூசை முடியும் வரைக்கும் வெளியே வேம்புக்குக் கீழே நிற்பார்.

ஞானஸ்நானம் பெற்ற இரவு எல்லோரும் வந்து கை தந்தார்கள். கேக் வெட்டினோம், படம் எடுத்தோம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நாங்கள் கடைசி வாங்கில் இருந்து பூசை கண்டுவிட்டு வருகிறோம். கதைக்க வருகிற ஒன்றிரண்டு பேரும் முதலில் கேட்பது, "நீங்கள் எந்தப் பகுதி?" என்றுதான். என் அப்பா 1977 இனக்கலவரத்தோடு மலையகத்திலிருந்து சின்னப் பிள்ளையாக வந்தவர். நான் இங்கேதான் பிறந்தேன். ஊர்ப் பெயரைச் சொன்னதும் "ஓ, அந்தப் பக்கமா" என்பார்கள், கதை அதோடு நின்றுவிடும். எங்களைக் குறித்து "புதுச்சனம்" என்று சொல்வதும் காதில் விழுந்திருக்கிறது.

எனக்கு ஆடைத் தொழிற்சாலையில் வேலை. சில ஞாயிறுகளில் ஓரி (மேலதிக நேர வேலை) போட்டால் பூசைக்கு வர முடியாது. மாமி வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போய்வந்து பிரசாதம் தந்தால் வாங்குவதா விடுவதா என்றும் தெரியாது. ஞானஸ்நானம் பெற்றால் வாழ்க்கை புதிதாகும் என்று படிப்பித்தார்கள். எனக்கு ஒன்றும் புதிதானதாகத் தெரியவில்லை. இனி நான் என்ன செய்யவேண்டும்?

கடைசியாக ஒரு சின்னக் கேள்வி, சிரிக்க வேண்டாம். போன மாரியில் கரண்ட் போனபோது மாமி என்னுடைய ஞானஸ்நான மெழுகுதிரியை எடுத்துக் கொளுத்திவிட்டா. பாதிக்கு மேல் உருகிவிட்டது. அது பாவமா?

பெயர் வேண்டாம், கிளிநொச்சி மாவட்டம்.

பதில்:

பிள்ளை, உங்கள் கடிதத்தை வாசித்ததும் முதலில் எனக்கு வந்தது வெட்கம்தான். 36 வருடம் மறைக்கல்வி படிப்பித்தவள் நான். மறைக்கல்வி ஆசிரியர்களைப் பழக்கியும் இருக்கிறேன். ஞானஸ்நானத்துக்கு ஆட்களை எப்படி ஆயத்தப்படுத்துவது என்று எத்தனையோ வகுப்பு வைத்திருக்கிறேன். ஞானஸ்நானத்துக்கு மறுநாள் என்ன செய்வது என்று வைத்த வகுப்புகளை ஒரு கைவிரலில் எண்ணலாம். இன்னொரு தரம் வாசித்தபோது அந்த மெழுகுதிரியில் வந்து சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்களில் பிழை இல்லை. பிழை எங்களில்தான். இது ஆறுதலுக்குச் சொல்லும் வார்த்தை அல்ல. வளர்ந்தவர்கள் ஞானஸ்நானம் பெற்றதோடு திருச்சபையின் வேலை முடிந்துவிடுவதில்லை. பாஸ்கா இரவிலிருந்து பெந்தகோஸ்து வரை உள்ள ஐம்பது நாளும் அவர்களோடு கூட நடப்பதற்கென்று ஒதுக்கிய காலம். வளர்ந்தவர்களைக் கிறிஸ்தவ வாழ்வுக்குள் கொண்டுவருவதற்காக 1972இல் உரோமை வெளியிட்ட சடங்குமுறையில் இது எழுதியே இருக்கிறது. அந்த ஞாயிறுகளில் புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குச் சனத்தின் நடுவே தனியிடம் கொடுக்க வேண்டும். வருடம் திரும்பும்போது அவர்களைக் கூட்டி வைத்துக் கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டும். உங்களுக்கு வருடம் திரும்பிவிட்டது. கூப்பிட்டார்களா? கூப்பிட்டிருந்தால் இந்தக் கடிதம் வந்திராது.

சரி, அந்தப் 'புதுச்சனம்' என்ற சொல்லுக்கு வருகிறேன். வன்னியில் இருந்துகொண்டு இன்னொருவரைப் புதுச்சனம் என்று சொல்ல நிறையத் துணிவு வேண்டும். காடு வெட்டி, குளம் கட்டி, வயல் திருத்திப் பரம்பரையாக இருக்கிற பழைய ஊர்கள் இங்கே உண்டுதான். மற்ற ஆட்கள்? குடியேற்றத் திட்டங்களில் காணி கிடைத்து வந்தவர்கள். 58இலும் 77இலும் 83இலும் தெற்கிலும் மலையகத்திலும் அடிபட்டு வந்தவர்கள். 95 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டு, பிறகு கிளாலிக் கடலைத் தாண்டி வந்தவர்கள். என் குடும்பமே அந்தக் கடைசி வகை. நாங்கள் வந்தபோது எங்களுக்குக் கிணற்றுத் தண்ணீரும் ஒரு கொட்டிலும் தந்தது, உங்கள் அப்பாவைப்போல மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியிருந்த ஒரு குடும்பம். "வந்தாரை வாழவைக்கும் வன்னி" என்று மேடைகளில் சொல்கிறோம். வந்தார் இல்லாவிட்டால் வன்னிக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்திருக்கும்?

மடு மாதாவே இடம்பெயர்ந்து வந்தவதான். ஒல்லாந்தர் காலத்தில், 1670இல், மாந்தையிலிருந்த இருபது குடும்பங்கள் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்தன என்பது வழிவழியாக வரும் வரலாறு. 2008 ஏப்ரலில் அதே சொரூபம் இன்னொரு தரம் தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, ஓகஸ்டில் திரும்பியது. அகதியாக வந்த அம்மாவுக்கு ஆடி மாதம் நடந்துபோய் நேர்த்தி வைக்கிறோம். வீதிக்கு அங்கால் இருக்கிற சனத்தைப் புதுச்சனம் என்கிறோம்.

"நீங்கள் எந்தப் பகுதி?" என்ற கேள்வியையும் சும்மா விட எனக்கு மனம் இல்லை. ஊர் கேட்பதுபோல இருக்கும். உள்ளுக்குள் சாதி இருக்கும், அல்லது 'தோட்டத்து ஆட்கள்' என்ற இளக்காரம் இருக்கும். கேட்கிறவருக்கும் அது தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். பவுல் கலாத்தியருக்கு எழுதியபோது கிட்டத்தட்ட இதைத்தான் எழுதினார். ஞானஸ்நானம் பெற்றவர்கள் கிறிஸ்துவை உடுத்திக்கொண்டவர்கள், இனி யூதர் என்றும் கிரேக்கர் என்றும் இல்லை, அடிமை என்றும் சுதந்திரர் என்றும் இல்லை என்றார். அந்த இரவு உங்களுக்கு உடுத்திய வெள்ளை உடுப்பின் அர்த்தம் அது. அதைப் போட்டுவிட்டு, அடுத்த கிழமையே உள்ளே என்ன நிறம் என்று விலத்திப் பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

2009இல் நானும் செட்டிகுளம் முகாமில் இருந்தேன். பக்கத்துக் கூடாரத்தில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கடுமையாகி, இரவோடு இரவாக ஞானஸ்நானம் கொடுக்க எங்களோடு முகாமில் இருந்த ஒரு சுவாமியைக் கூப்பிட்டோம். பவுசரில் வருகிற தண்ணீர்தான், அளந்துதான் கிடைக்கும். ஒரு பிளாஸ்ரிக் பேசினும் அரைப் போத்தல் தண்ணீரும் இருந்தன. தாய் சொன்னா, "சுவாமி, கொஞ்சமாய் ஊத்துங்கோ, அடுத்த பவுசர் நாளைக்குப் பின்னேரம்தான்." சுவாமி மூன்று தரம், ஒவ்வொரு தரமும் ஒரு உள்ளங்கையளவு ஊற்றினார். ஞானத்தாயாக நின்றது யார் தெரியுமா? வரிசையில் முன்னுக்கு நின்றதில் பழக்கமான ஒரு பெண். எந்தப் பகுதி என்று தாயும் கேட்கவில்லை, ஞானத்தாயும் கேட்கவில்லை. கேட்க ஒருவருக்கும் வேலி இல்லை, படலை இல்லை, வாங்கு இல்லை. மீள்குடியேறி வேலி அடைத்த பிறகுதான் அந்தக் கேள்வியும் எங்களோடு கூடத் திரும்பி வந்தது. அந்தப் பிள்ளை பிழைத்துவிட்டான். இப்போது என்னை விட உயரம். அந்த ஞானத்தாய் வருடா வருடம் அவனுக்கு உடுப்பு அனுப்புகிறா.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், "எனக்கு ஒன்றும் புதிதானதாகத் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். புதிதாவது என்றால் உள்ளுக்குள் ஏதோ ஒரு வெளிச்சம், ஒரு சந்தோஷம் என்று எங்கள் ஆட்கள் படிப்பித்துவிட்டார்கள்போல. சிலருக்கு அது உண்டு. எனக்குப் பிறந்து பதினோராம் நாள் ஞானஸ்நானம். எனக்கு ஒரு வெளிச்சமும் ஞாபகம் இல்லை. உங்கள் சின்னவனை நினையுங்கள். தண்ணீர் ஊற்றிய பிறகு சுவாமி அவனுடைய உச்சியில் கிறிஸ்மா தைலம் பூசினார் அல்லவா? அப்போது சொன்ன செபத்தில் குரு, இறைவாக்கினர், அரசர் என்று மூன்று சொல் வரும். வளர்ந்த உங்களுக்கு அந்த இரவே உறுதிப்பூசுதலும் தந்ததால், கிறிஸ்மா நெற்றியில் பூசப்பட்டது. அர்த்தம் ஒன்றுதான். கிறிஸ்துவின் அந்த மூன்று பணியிலும் உங்களுக்குப் பங்கு இருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபை பற்றித் தந்த ஏட்டில் இதைச் சுவாமிமாருக்கு மட்டும் சொல்லவில்லை, ஞானஸ்நானம் பெற்ற எல்லோருக்கும் சொன்னது. அதாவது, உங்களுக்குத் தரப்பட்டது ஒரு வேலை. கை தந்தவர்கள் நியமனக் கடிதத்தை மட்டும் வாசித்துக் காட்டாமல் போய்விட்டார்கள்.

இந்த வேலையைச் சுவாமி இல்லாமலே செய்த சனம் நாங்கள். 1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்து, கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்தார்கள். கோவாவிலிருந்து யோசேவாஸ் அடிகள் பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தது 1687இல். இடையில் கிட்டத்தட்ட முப்பது வருடம். அந்தக் காலம் முழுக்க விசுவாசத்தைக் காத்தது வீடுகள். இரவில் கதவை அடைத்துக்கொண்டு செபம் சொன்ன தாய்மார், தகப்பன்மார். அவர்களிடம் வாங்கும் இல்லை, சபையும் இல்லை, பெருவிழாக் கொடியும் இல்லை. 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் யோசேவாஸைப் புனிதராக உயர்த்திவிட்டு அன்று பின்னேரமே மடுவுக்கு வந்தார். அன்று நானும் வெயிலுக்குள் நின்றேன். நாங்கள் எல்லோரும் யோசேவாஸைத்தான் நினைத்தோம். அவர் வந்து சேரும்வரைக்கும் பிள்ளைகளுக்குச் சிலுவை அடையாளம் போடப் பழக்கிய அந்தப் பெயர் தெரியாத தாய்மாரை எத்தனை பேர் நினைத்தோமோ தெரியாது.

அப்படியென்றால் உங்கள் வேலை எங்கே? அது ஞாயிறு பூசையோடு முடிகிறதும் இல்லை, அங்கே தொடங்குகிறதும் இல்லை. திங்கள் காலை தொழிற்சாலைத் தையல் லைனில் தொடங்குகிறது. இறைவாக்கினர் என்றால் வருங்காலம் சொல்கிறவர் என்று நினைக்கவேண்டாம். உள்ளதை உள்ள இடத்தில் சொல்கிறவர். உங்கள் தொழிற்சாலையில் ரார்கெட் எட்டாத புதுப் பிள்ளை ஒன்று கழிவறைக்குள் போய் அழுவதைக் கண்டிருப்பீர்கள். எங்கள் ஊர்களில் குழுக்கடன் கூட்டம் இன்னொரு இடம். ஒருத்தி தவணை கட்ட முடியாமல் போனால், மற்றவர்களை வைத்தே அவளைப் பேசப் பண்ணுவார்கள். கூட்டம் முடியும் வரை வீட்டுக்குப் போகவும் விடமாட்டார்கள். அந்த இடத்தில் "அவளைப் பேசாதேங்கோ, போன மாதம் புருஷனுக்குச் சுகமில்லாமல் போனது எல்லாருக்கும் தெரியும்தானே" என்று ஒரு வசனம் சொல்வதற்கு, தேவாலயப் பிரசங்க மேடையில் நின்று வாசிப்பதை விட அதிகத் துணிவு வேண்டும். நான் ஒரு தரம் அப்படிச் சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன். அது எனக்கு இன்றைக்கும் தொண்டைக்குள் நிற்கிறது.

குரு என்ற சொல்லுக்கு நீட்டி விளக்கம் தேவையில்லை. பகல் முழுக்கத் தைத்த உடுப்பும், இரவில் பிள்ளைகளுக்கு அவித்த புட்டும், கால் நோவும் எல்லாம் உங்கள் காணிக்கை. படுக்கப் போகமுன் பிள்ளைகளின் நெற்றியில் ஒரு சிலுவை போடுங்கள். ஞானஸ்நானச் சடங்கின் தொடக்கத்தில் சுவாமி போட்டதும், பெற்றோரையும் ஞானப்பெற்றோரையும் போடச் சொன்னதும் அதே சிலுவைதான். அதற்கு ஒரு நிமிடமும் ஆகாது. அரசர் என்றால், கால் கழுவிய அரசரை நினைத்தால் போதும்.

ஓரி போடும் ஞாயிறு பற்றி. சனிக்கிழமை பின்னேரப் பூசை ஞாயிறுக் கடமைக்குச் செல்லும். உங்கள் பங்கிலோ பக்கத்துப் பங்கிலோ இருந்தால் அதற்குப் போங்கள். அதுவும் இல்லை, வேலையும் விட முடியாது என்றால் அது பாவம் என்று மனதைப் போட்டு உழக்காதீர்கள். தக்க காரணத்துக்குத் திருச்சபையே விலக்கு வைத்திருக்கிறது, பிள்ளைகளின் சோறு தக்க காரணம். ஆனால் இதை உங்கள் பங்குத்தந்தையிடம் ஒரு தரம் நேரில் சொல்லிவிடுங்கள், அவர் அறிந்திருப்பது நல்லது. அன்று இரவு மகளைக் கொண்டு அந்த ஞாயிறுக்குரிய நற்செய்தியை வாசிப்பியுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கிற நற்செய்தி, நல்ல மறையுரை பலவற்றை விட எனக்குக் காதில் நிற்கும்.

இனி மாமி. வைகாசியில் வற்றாப்பளை கண்ணகை அம்மனுக்குக் கடல்நீரில் விளக்கெரிகிறது என்று சொல்லும்போது அவவின் முகத்தைப் பாருங்கள். அது உங்கள் பிள்ளைகளின் அப்பம்மாவின் விசுவாசம். விக்கிரகங்களுக்குப் படைத்த சாப்பாட்டைப் பற்றிக் கொரிந்தியர் பவுலைக் கேட்டபோது, சாப்பாடு நம்மைக் கடவுளுக்குக் கிட்டக் கொண்டுபோவதும் இல்லை, தூரப் போடுவதும் இல்லை என்று அவர் எழுதினார். பிறகு, பார்த்துக்கொண்டிருக்கும் பலவீனமான ஒருவரின் மனசாட்சியைக் காயப்படுத்தாதே என்றார். ஆகவே எனக்குச் சரியெனப் படுவது இது. அங்கே கும்பிடுவது உங்கள் வழிபாடு அல்ல, அதில் கூட நிற்க வேண்டியதில்லை. அதை மாமியிடம் ஒரு நல்ல நேரம் பார்த்து மரியாதையாகச் சொல்லலாம். ஆனால் அவ நடந்துபோய் களைத்து வந்து நீட்டும் பொங்கலை முகத்தைத் திருப்பித் தள்ளிவிடுவது விசுவாசம் அல்ல, அவமரியாதை. அன்பாகத் தந்த சோறாக வாங்குங்கள். மகள் "அம்மா, இதைச் சாப்பிடலாமா?" என்று குழம்பினால், அவளுக்கு விளங்குகிற மாதிரி இருந்து கதையுங்கள். இதில் சில சுவாமிமார் என்னை விட இறுக்கமாகச் சொல்வார்கள். உங்கள் சுவாமி அப்படிச் சொன்னால் அவரிடம் காரணம் கேளுங்கள். கேட்பது ஞானஸ்நானம் பெற்றவரின் உரிமை.

இப்போது கொஞ்ச நேரம் பிள்ளையை விட்டுவிட்டு, இதை வாசிக்கிற முன் வாங்குக்காரரிடம் கதைக்கப் போகிறேன். நானும் முன் வாங்குக்காரிதான். சில வருடங்களுக்கு முன் ஒரு பெருவிழாவில் கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு பெண்ணை, "தங்கச்சி, இது சபை ஆட்களின் வாங்கு, அங்கால் இருங்கோ" என்று நானே எழுப்பி விட்டேன். அவ சத்தமில்லாமல் எழும்பிப் போனா. பிறகு நான் அவவை எங்கள் கோயிலில் காணவில்லை. பொன் மோதிரத்தோடு வருபவனை நல்ல இடத்தில் இருத்தி, கந்தல் உடுத்தவனை நிற்கச் சொல்வதைப் பற்றி யாக்கோபு எழுதிய பகுதியை வருடா வருடம் வகுப்பில் படிப்பித்தவள் நான். அதைச் செய்யும்போது ஒரு வரியும் ஞாபகத்துக்கு வரவில்லை.

ஆகவே உபதேசம் செய்ய எனக்குத் தகுதி குறைவு. வேலை மட்டும் சொல்கிறேன். பூசை முடிந்ததும் உங்கள் ஆட்களோடு கதைப்பதை ஐந்து நிமிடம் பிந்திப் போடுங்கள். முதலில் வாசலுக்குப் போங்கள், தெரியாத முகத்திடம் போங்கள். பெயரைக் கேளுங்கள், பிள்ளை எந்த வகுப்பு என்று கேளுங்கள், பகுதியைக் கேட்காதீர்கள். பெருவிழாவுக்கு வெடியும் சோடனையும் வாங்கும் காசில் கொஞ்சம் எடுத்து மாதத்தில் ஒரு ஞாயிறு தேத்தண்ணி ஊற்றுங்கள். அப்புறம், வெளியே வேம்புக்குக் கீழே நிற்கிற அந்த மனிதர். ஒரு வருடம், ஐம்பது ஞாயிறு, மழையிலும் வெயிலிலும் தன் மனைவியை உங்கள் கோயிலுக்குக் கொண்டுவந்து விடுகிறார். அவருக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லையா? மதம் மாற்றுவதற்கு அல்ல. வாசலில் நிற்கிறவருக்குத் தண்ணீர் கொடுப்பது வன்னியில் எந்த மதத்துக்காரரும் செய்வது.

சரி பிள்ளை, உங்களிடம் திரும்பி வருகிறேன். முதலில் உங்கள் ஞானத்தாயைத் தேடுங்கள். அந்த இரவு உங்களுக்குப் பின்னால் நின்று தோளில் கை வைத்தவர் இருப்பாரே, பதிவுப் புத்தகத்திலும் அவருடைய பெயர் இருக்கும். ஞானப்பெற்றோர் படத்துக்கு நிற்பவர்கள் அல்ல. ஞானஸ்நானம் பெற்றவர் அதற்கேற்ப வாழத் துணை நிற்பது திருச்சபைச் சட்டம் அவர்களுக்குத் தந்த கடமை. போய், "அக்கா, எனக்கு இங்கே ஒருவரையும் தெரியாது, நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போகவேண்டும்" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அவருக்கும் என்ன செய்வது என்று தெரியாமல்தான் பேசாமல் இருந்திருப்பார்.

அடுத்தது அன்பியம். எனக்குக் கேட்டால் ஞாயிறு பூசையை விட அதுதான் உங்களுக்கு இலகுவான வாசல். பத்துப் பதினைந்து வீட்டுக்காரர் ஒரு வீட்டில் கூடி, பாயில் இருந்து, ஒரு வேதப் பகுதியை வாசித்துக் கதைக்கிற இடம். அங்கே கடைசி வாங்கு இல்லை, ஏனென்றால் வாங்கே இல்லை. உங்கள் பகுதி அன்பியத்தின் பொறுப்பாளர் யாரென்று சுவாமியிடம் கேளுங்கள். இரண்டு தரம் போய்வந்த பிறகு, மூன்றாம் தரம் உங்கள் வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். வீடு சின்னது, மாமியின் சாமிப்படம் சுவரில் இருக்கிறது என்று யோசிக்க வேண்டாம். இருக்கட்டும். மாமியும் ஒரு ஓரமாக இருந்து கேட்பா, இவரும் கதிரை எடுத்துப் போடுவார். உங்கள் வீட்டு முற்றத்தை மிதித்து உங்கள் கையால் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போன பிறகு, "அந்தப் பக்கமா" என்று சொல்வது அவர்களுக்கு அவ்வளவு இலகுவாக இருக்காது.

இன்னொன்று சொல்ல எனக்கே தயக்கமாக இருக்கிறது. வரவேற்காமல் விடப்பட்டவரிடமே போய், மற்றவர்களை வரவேற்கச் சொல்வது நியாயமில்லை. ஆனாலும் சொல்கிறேன். கடைசி வாங்கில் நீங்கள் மட்டும் இல்லை. திரும்பிப் பாருங்கள். பூசை தொடங்கிய பிறகு வந்து, முடியமுன் போகிற ஒரு முதியவர் இருப்பார். புருஷன் வெளிநாட்டில், அல்லது காணாமற்போய், தனியே வருகிற ஒருத்தி இருப்பா. அவர்களை முன் வாங்கிலிருந்து பார்த்தால் தெரியாது. உங்களுக்குத் தெரியும். சமாதானம் சொல்கிற நேரத்தில் அவர்களுடைய கையைப் பிடித்துப் பெயரைக் கேளுங்கள். அடுத்த கிழமை பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். உள்ளே வரும்போது தீர்த்தத் தொட்டியில் கை நனைத்துச் சிலுவை போடுகிறோமே, அது ஞானஸ்நானத்தை நினைப்பதற்குத்தான். சின்னவனுக்குத் தொட்டி எட்டாது, தூக்கிப் பிடியுங்கள். பக்கத்தில் நிற்கிற வேறு பிள்ளைக்கும் எட்டாமல் இருக்கலாம்.

பாப்பரசர் பிரான்சிஸ் சனத்திடம் அடிக்கடி ஒரு வீட்டு வேலை கொடுத்துக்கொண்டே இருந்தார். உங்கள் ஞானஸ்நானத் திகதியைத் தேடிக் கண்டுபிடியுங்கள், பிறந்தநாள்போல அதையும் கொண்டாடுங்கள் என்பார். எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தத் திகதி தெரியாது. போரில் பதிவுப் புத்தகம் எரிந்துபோன பங்குகளும் உண்டு. நீங்கள் மறக்கவே முடியாது, அது பாஸ்கா இரவு. ஆனால் பாஸ்கா வருடா வருடம் திகதி மாறும் என்பதால், அந்த வருடத்துத் திகதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

அந்த நாளில் கொளுத்துவதற்குத்தான் மெழுகுதிரி. பிள்ளை, அது பாவம் இல்லை. மாமிக்கு அது என்ன திரி என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இருட்டில் கைக்கு அகப்பட்டதை எடுத்திருக்கிறா. அந்த வெளிச்சத்தில் யார் இருந்தார்கள் என்று யோசித்துப் பார்த்தீர்களா? மாரி காலம், கரண்ட் இல்லை, வன்னி வீடு. முற்றத்தில் பாம்பு வருகிற நேரம். மகள் வீட்டுப்பாடம் எழுதியிருப்பாள், சின்னவன் பயப்படாமல் சாப்பிட்டிருப்பான். மிச்சத் துண்டை அலுமாரியில் பத்திரப்படுத்தி வையுங்கள். மாமிக்கு வேறு இரண்டு மெழுகுதிரி வாங்கிக் குசினிக்குள் வைத்துவிடுங்கள், மாரி திரும்பி வரும்.